கெஸ்ட் கழற்றி வைத்த செருப்பு

2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. காலையில் வழக்கம்போல மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் பாலம் தாண்டி டவுனுக்குள் வந்தேன். பெரிய மார்க்கெட்டில் செட் மேஜைக்கு மஞ்சள் சாமந்தி வாங்கினேன். ஸ்டுடியோவில் காலர் மைக்குகளுக்குப் புது பேட்டரி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று இரண்டு மூன்று சொல்லிப் பார்த்து, பெயர் ஒட்டி வரிசையாக வைத்தேன். பதினொரு வருடமாக ஷூட்டிங் நாளில் இதே வேலைகளை இதே வரிசையில்தான் செய்துவந்தேன். அன்றைக்கு ஒரே ஒரு வித்தியாசம்: அன்று மாலை வரப்போகும் கெஸ்ட் யார் என்று எனக்குத் தெரியாது.

கெஸ்ட்டைப் பிடிப்பதுதான் என் வேலை என்பதால் இதை முதலில் விளக்க வேண்டும். எங்கள் லோக்கல் கேபிள் சேனலில் 'என் வேலை என்ன?' என்று ஒரு நிகழ்ச்சி. மேஜையின் ஒரு பக்கம் நான்கு பேர் கொண்ட பேனல். எதிர்ப் பக்கம் ஒரு கெஸ்ட். கெஸ்ட் என்ன தொழில் செய்கிறார் என்று பேனல் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். கெஸ்ட் 'ஆமா' அல்லது 'இல்ல' மட்டும்தான் சொல்லலாம். பத்து 'இல்ல' சேர்ந்துவிட்டால் கெஸ்ட் ஜெயித்தார். வாராவாரம் அப்படி ஒரு கெஸ்ட்டைத் தேடிப் பிடித்து, பேனல் கண்ணில் படாமல் மேஜை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பவன் நான். சேனலில் அதற்கு கோ-ஆர்டினேட்டர் என்று பெயர்.

ஊர் சின்னது, பேனல் பெரியது

சென்னையில் இது சுலபமான வேலையாக இருக்கலாம். பாண்டியில் இல்லை. எங்கள் பேனலில் ஒரு பல் டாக்டர். டவுனில் பாதிப் பேரின் வாயைத் திறந்து பார்த்தவர். ஒரு வக்கீல்; மீதிப் பேரின் சொத்து வழக்கு அவரிடம். ஒரு மிமிக்ரி கலைஞர். கல்யாணம், காதுகுத்து என்று உழவர்கரை முழுக்க மேடை ஏறியவர். நான்காவது மதாம் ரோஸ்லின். ஸ்கூலில் சயின்ஸ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் அவரிடமே படித்திருக்கிறார்கள்.

அதனால் கெஸ்ட்டை ஒளிப்பது ஒரு தனிக் கலையாகவே ஆகிவிட்டது. பின் கேட் வழியாக, குடை பிடித்து, முகம் தெரியாமல் அழைத்து வருவேன். ஒரு முறை பின் கேட் பக்கத்தில் மிமிக்ரிகாரர் டீ குடித்துக்கொண்டு நின்றதால், கெஸ்ட்டை வாட்டர் கேன் வண்டியில் கேன்களுக்கு நடுவில் உட்காரவைத்து உள்ளே கொண்டுவந்தேன். இறங்கும்போது, "சார், நான் கேன் போடுறவன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றார் அவர். நல்ல யோசனை என்று தோன்றியது.

ஸ்டுடியோ ஒரு பழைய வீட்டின் கூடம். தரையில் பளபளக்கும் கறுப்பு ஷீட் ஒட்டியிருக்கும். ஒரு கீறல் விழுந்தாலும் கேமராவில் தெரியும். ஆகவே யாராக இருந்தாலும் செருப்பைக் கதவுக்கு வெளியே நடையில் இருக்கும் ரேக்கில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கெஸ்ட் காத்திருக்கும் மாடி அறைக்குப் போகும் படியும் அங்கேதான் தொடங்குகிறது. கெஸ்ட் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்குப் போவார். கொஞ்ச நேரம் கழித்து பேனல் வந்து, அதே ரேக்கில் செருப்பை விட்டு உள்ளே போகும்.

மதாம் ஜெயிக்க ஆரம்பித்தது

ஜனவரியிலிருந்து மதாம் ரோஸ்லின் தொடர்ந்து ஆறு வாரம் கண்டுபிடித்தார். அதுவும் எப்படி? மற்ற மூவரும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாக, "உங்க வேலையில நெருப்பு உண்டா?" என்பார். அடுத்த கேள்வியில் ரொட்டி பேக்கரி என்று முடித்துவிடுவார். ரோட்டில் வெள்ளைக் கோடு போடுபவரை மூன்றாவது கேள்வியில் பிடித்தார். எப்படி மதாம் என்று கேட்டால், "தெரியலப்பா. மனசுல என்னமோ வருது. வோலா, அவ்ளோதான்" என்று சிரிப்பார்.

முதல் இரண்டு வாரம் ஊர் கை தட்டியது. அப்புறம் போன் வர ஆரம்பித்தது. எல்லாம் செட்டப்பு, யாரோ அந்த அம்மாவுக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள் என்றார்கள். யாரோ என்றால் யார்? கெஸ்ட்டின் தொழில் ஷூட்டிங்குக்கு முன் எனக்கும் முதலாளி தணிகாசலத்துக்கும் மட்டும்தான் தெரியும். தொகுப்பாளர் ஆனந்துக்குக்கூட மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் தொழில் எழுதிய சீட்டு போகும்.

மதாமுக்கு அது வேறு விதமாக வலித்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன மதாம், அடுத்த வாரம் யாரு வர்றாங்க, எங்களுக்கும் சொல்லலாமுல்ல" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்களாம். மறுநாள் நேராக முதலாளி அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தணிகாசலம், என்ன வீட்டுக்கு அனுப்பணும்னா அனுப்பிடுங்க. நாப்பது வருஷம் பசங்க காப்பி அடிக்கிறானுங்களான்னு பாத்து நின்னவ நான். என்ன காப்பி அடிச்சவன்னு சொல்லி அனுப்பாதீங்க."

முதலாளி முடிவு சொன்னார். அடுத்த எபிசோடு லைவ். கெஸ்ட்டை அவரே பிடிப்பார். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதிலும் மதாம் கண்டுபிடித்தால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். கண்டுபிடிக்கவில்லை என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மதாமும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது: மதாம் பெயர் போகும், என் வேலையும் போகும்.

நடையில் நின்றபோது

வெள்ளிக்கிழமை மாலை பின் கேட்டில் முதலாளியின் கார் வந்து நின்றது. என்னைப் படியடியில் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லியிருந்தார். நின்றேன். குடை மடங்கும் சத்தம், புதுப் புடவையின் சரசரப்பு, மல்லிகை வாசம். பிறகு முதலாளியின் குரல்: "செருப்ப இங்கயே விட்டுடும்மா." இருவரும் மாடி ஏறினார்கள்.

பதினொரு வருடத்தில் அந்த நடையில் நான் சும்மா நின்றதே கிடையாது. எப்போதும் கெஸ்ட்டோடு மாடிக்குப் போய் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பேன். அன்று செய்ய வேலை இல்லை. திரும்பினேன். எதிரே ரேக்.

கேமராமேனின் தேய்ந்த நீலச் செருப்பு, ஆனந்தின் ஷூ, லைட்மேனின் வார் பிய்ந்த செருப்பு. எல்லாம் தினமும் பார்க்கிறவை. கீழ்த் தட்டில் மட்டும் ஒரு புது ஆளின் ஜோடி. பழைய ரப்பர் செருப்பு. மேலெல்லாம் கண்ணாடி மாதிரி இறுகிப்போன பிசின் துளிகள். அதில் வெள்ளை வெள்ளையாக நார். ஓரத்தில் நீலப் பெயின்ட். அடியில் கடல் மணல்.

ஃபைபர் படகு ரிப்பேர் என்று என் மனதில் வந்தது. யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்காமல்.

சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். ரேக்குக்கு நேர் எதிரே ஒரு பெஞ்ச் இருக்கிறது. மதாமுக்கு முட்டி வலி. அவர் செருப்பில் பக்கிள் வேறு. மற்ற மூவரும் நடந்த வாக்கிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மதாம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு பக்கிளாகக் கழற்றுவார். வாராவாரம். ரேக்கைப் பார்த்தபடி. பேக்கரிக்காரரின் செருப்பில் மைதா இருந்திருக்கும். கோடு போடுபவர் செருப்பில் வெள்ளைப் பெயின்ட். நான் வாட்டர் கேன் வண்டியில் மறைத்துக் கொண்டுவந்த ஆளையும் வாசலில் அடையாளம் போட்டு வைத்துவிட்டுத்தான் மாடிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

தெருவில் பேனலின் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யோசிக்க நேரம் இல்லை. செருப்பு அங்கேயே கிடந்தால் மதாம் ஜெயிப்பார். ஆனால் அது ஆட்டம் இல்லை. எடுத்து ஒளித்தால் ஆட்டம் நேர்மையாக நடக்கும்; ஆனால் இத்தனை வாரம் ஜெயித்தவர் இன்றைக்கென்று தோற்றால், நான் சொல்லிக்கொடுத்துத்தான் ஜெயித்தார் என்று ஊரே முடிவுகட்டும். கெஸ்ட்டை மறைப்பதுதான் என் வேலை. செருப்பை எடுத்துக் காலி ட்ரைபாட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். மதாம் உள்ளே வந்து, "போன்ழூர் குமரன்" என்று வணக்கம் சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தார்.

லைவ்

கெஸ்ட் வந்து உட்கார்ந்தார். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய பூ. பெயர் செல்வி என்று ஆனந்த் அறிமுகம் செய்தார். வக்கீல் ஜவுளிக்கடையா என்றார். இல்ல. பல் டாக்டர் பியூட்டி பார்லரா என்றார். இல்ல. மிமிக்ரிகாரர் சமையல் கான்ட்ராக்டா என்று கேட்டுவிட்டு, அந்தப் புடவையோடு அடுப்படியில் நிற்பது எப்படி இருக்கும் என்று நடித்தும் காட்டினார். செல்வியே சிரித்துவிட்டு இல்ல என்றார்.

மதாம் முறை வந்தது. மனதில் ஒன்றும் வரவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆபீஸா என்று கேட்டார். இல்ல. பிள்ளைகளோடு பழகும் வேலையா? இல்ல. மற்றவர்களும் இன்னொரு சுற்று கேட்டார்கள். ஒன்பதாவது 'இல்ல', பத்தாவது 'இல்ல'. மணி அடித்தது. என்ன தொழில் என்பது பிரேக்குக்குப் பிறகு என்று ஆனந்த் சொல்ல, விளம்பரம் ஓடியது.

முதலாளி கன்ட்ரோல் ரூமிலிருந்து இறங்கி வந்தார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குமரன், உனக்குத் தெரிஞ்சா அந்தம்மாவுக்கும் தெரியுது. எனக்கு மட்டும் தெரிஞ்சா தெரியல. இதுக்கு என்ன அர்த்தம்?"

மதாம் காலர் மைக்கைக் கழற்ற ஆரம்பித்தார். அவசரத்தில் கிளிப் புடவையில் மாட்டிக்கொண்டது.

நான் ட்ரைபாட் பையைத் தூக்கிவந்து ஜிப்பைத் திறந்து காட்டினேன். "சார், பிரேக் முடிஞ்சதும் இத மதாம் முன்னாடி வெக்கிறேன். ஒரே ஒரு கேள்விகூட வேணாம்."

முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். "என் சேனல்ல, லைவ்ல, செருப்பத் தூக்கி வெப்பியா நீ? நாளைக்கு எவனாச்சும் இவனுங்க செருப்பக் காட்டுறானுங்கன்னு வாசல்ல வந்து நிப்பான்."

அவர் பயம் நியாயமானது. ஆனால் செருப்பு செல்வியுடையது. கேட்க வேண்டியது அவரிடம். அருகில் போய் மெதுவாகக் கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"ஐயோ, அதுவா சார்? டிவில காலு தெரியாதுன்னுதான் பழசயே போட்டுனு வந்தேன்." பிறகு மதாமைத் திரும்பிப் பார்த்தார். மைக் கிளிப்போடு போராடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தார். "பரவால்ல. வைங்க."

பிரேக் முடியப்போகிறது என்றார் ஆனந்த். முதலாளி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படியேறி கன்ட்ரோல் ரூமுக்குப் போய்விட்டார்.

விளக்கு சிவப்பானது. கேமராவுக்கு முன்னால் ஒரு நாளும் போகாத நான் அன்று போனேன். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து மதாமின் முன்னால் போட்டு, அதன் மேல் பேப்பர் விரித்து, செருப்பை வைத்தேன். ஆனந்த் சமாளித்தார். ஆட்டம் முடிந்துவிட்டது, கெஸ்ட் ஜெயித்துவிட்டார். ஆனாலும் இதைப் பார்த்து மதாம் ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டார்.

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முகம் மாறியது.

"இது கோந்து இல்ல, ரெசின். இந்த வெள்ள நாரு கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். மணல் இருக்கு, ஆனா மீன் செதில் ஒண்ணுகூட இல்ல. அப்ப மீன் விக்கிறவங்க இல்ல. நீலப் பெயின்ட்." நிமிர்ந்தார். "செல்வி, நீங்க ஃபைபர் படகு ரிப்பேர் பண்றவங்க."

செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். மிமிக்ரிகாரர் எழுந்து நின்று கை தட்டினார். என் ஹெட்செட்டில் முதலாளியின் குரல் கேட்டது: "குமரன், கேமரா ரெண்டு. செருப்ப க்ளோஸ்-அப் போடச் சொல்லு."

மதாம் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவருக்கும் புரிந்தது. கதவைப் பார்த்தார், கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெஞ்சை நினைத்துப் பார்த்தார். பிறகு நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரல. ஆனா ஆறு வாரமா நான் உக்காந்து செருப்பு கழட்டுற எடத்துல இவங்க செருப்புங்க கண்ணுல பட்டிருக்கு. எனக்கே தெரியாம பாத்திருக்கேன். அதனால அந்த ஆறு வாரமும் கெஸ்ட்டுதான் ஜெயிச்சாங்கன்னு போட்டுக்குங்க."

அந்த வெற்றிகளைத் திருப்பிக் கொடு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகவே கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த போன்களில் செட்டப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்கள் செருப்பைப் பார்த்துத் தொழிலைச் சொல்ல முடியுமா என்றுதான் கேட்டார்கள்.

முதலாளி மன்னிப்பு கேட்கும் ரகம் இல்லை. மதாமை வீட்டில் விடத் தன் காரைக் கொடுத்தார். கதவையும் அவரே திறந்துவிட்டார். ஏறுவதற்கு முன் மதாம் சொன்னார்: "அடுத்த வாரம் வர்றேன், தணிகாசலம். ஆனா என் முட்டி வலி எங்கயும் போயிடாது. நான் உக்காந்துதான் கழட்டணும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு ஆளை மறைத்து அழைத்துவந்த பிறகு, அவர் வந்த வழியில் நீங்கள் மட்டும் தனியாக ஒரு முறை நடந்து பாருங்கள். அவர் யார் என்று தெரியாத ஆளாக நடந்து பாருங்கள். தெரிந்தவன் கண்ணில் எதுவும் படாது.

சனிக்கிழமை காலை நான் போனபோது எனக்கு முன்னாலேயே முதலாளி நடையில் நின்றிருந்தார். மைக் பேட்டரிகளைக்கூட நான் இன்னும் கழற்றி வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, பெஞ்சை ரேக்குக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டோம்.