என் சாமை, அவர் பாட்டு

என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார். ஒரு நாள் இரண்டு நாளாக இல்லை, என் தங்கைக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். மிளகு எடுக்க வரும் சேலத்து வியாபாரி, ரோடு பார்க்க வரும் ஓவர்சியர், செம்மேட்டுச் சந்தைக்கு வருகிற ஆள், யார் அகப்பட்டாலும் சரி. டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டுக் குதிரிலிருந்து பாட்டு அவ்வளவு சுத்தமாக வருவதற்கு அவர் போட்ட கணக்குதான் காரணமாம். அவர் ஒரு கணக்கும் போடவில்லை. நடந்ததை நான் எழுதுகிறேன்.

குதிர் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூங்கில் பின்னி, மண்ணும் சாணியும் பூசி, நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். மேலே அகலமான வாய், அதில் தானியத்தைக் கொட்டுவோம். அடியில் கை நுழைகிற அளவு ஒரு ஓட்டை, அதன் வழியாக எடுப்போம். மற்ற நேரத்தில் ஓட்டையைத் துணி வைத்து அடைத்திருப்போம். அவ்வளவுதான். அது பாட்டுப் பாடுவதற்குச் செய்தது இல்லை.

நான் அடிவாரத்துக்காரி. மலைமேல் பல ஊர் சேர்ந்த தேவனூர் நாட்டில் என்னைக் கொடுத்தபோது மலைக்கு ரோடு கிடையாது. என் கூட்டம் முழுக்க ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்கி ஏறித்தான் என்னை விட்டுவிட்டுப் போனது. திரும்பும்போது என் சின்னம்மா எல்லாரும் கேட்கச் சொன்னாள்: “இனி உன்னையப் பாக்கோணும்னா கால்ல எண்ணெய் தேச்சுக்கிட்டுத்தான் வரோணும் கண்ணு.” எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறக்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன் சேலத்தில் லாரி ஓட்டினார். லாரி நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடை. லோடு இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறார். மிளகும் காப்பியும் பார்த்துக்கொள்ள மலைக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் துணிமணி கொண்டுவருவார்கள், இவர் ஒரு சாக்கு நிறைய வால்வும் கம்பியும் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. அது அவருக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்தி, அதன்மேல் ஒரு ஆம்ப்ளிபயர் கட்டினார். மூடிப்போன டூரிங் கொட்டகையிலிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கினார். அதில் காகிதம் கிழிந்திருந்தது. மைதாப் பசை காய்ச்சி அவரே ஒட்டினார். சாவி கொடுத்தால் சுற்றுகிற பழைய கிராமபோன் ஒன்றும் இருந்தது, அதன் முள்ளிலிருந்து ஆம்ப்ளிபயருக்குக் கம்பி இழுத்தார். எல்லாம் தயார். கரண்ட் மட்டும் வேண்டும்.

இந்த நிலைமையில்தான் ரோடு மேலே வந்து சேர்ந்தது. அந்த வருஷம் மிளகும் நன்றாகப் போனது. ஒரு நாள் அவராகவே, கார் வாங்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தங்கைக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்தக் காரில் போய்ப் பந்தல் வாசலில் நான் இறங்க வேண்டும், சின்னம்மா அதைப் பார்க்க வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

கார் பார்க்கச் சேலத்துக்கு நானும் போனேன். புரோக்கர் முதலில் ஒரு பச்சைக் காரைக் காட்டினார். சீட்டெல்லாம் மெத்தை மாதிரி இருந்தது. நான் மனசுக்குள் அதில் ஏறியே உட்கார்ந்துவிட்டேன். இவர் முன் மூடியைத் தூக்கி, பேட்டரி எத்தனை வோல்ட் என்று கேட்டார். ஆறு என்றதும் மூடியைச் சாத்திவிட்டார். அடுத்ததும் அப்படியே. கடைசியாக ஒரு கறுப்புக் கார். அதன் கதவு சாத்தாது, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஹாரன் அடிக்காது. சீட்டைப் பிய்த்துக்கொண்டு தேங்காய்நார் வெளியே வந்திருந்தது. ஆனால் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். இவர் வேட்டி மடிப்பிலிருந்து மீட்டரை எடுத்து, இஞ்சினை ஓடவிடச் சொல்லி, பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்ப்பதுபோல அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புரோக்கர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏனுங்க, பிரேக்கப் பாக்க வேண்டாமுங்களா? மலைக்குத்தானுங்களே போவுது.”

“அதப் பொறவு பாத்துக்கலாமுங்க. டைனமோ நல்லாச் சார்ஜ் பண்ணுதுங்க.”

புரோக்கர் என் பக்கம் திரும்பினார். “அம்மணி, உங்க ஊட்டுக்காரரு கார் வாங்க வந்தாருங்களா, பேட்டரி வாங்க வந்தாருங்களா?”

எனக்குப் புரோக்கர் மேல்தான் கோபம் வந்தது. அந்த மனுஷன் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

கார் மலையேறிய நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் தண்ணீர் ஊற்றி ஊற்றி, நின்று நின்று வந்தோம். வளைவுக்கு வளைவு கீழே ஊர்கள் சின்னதாகிக்கொண்டே போயின. இவர் ஒரு கையால் ஸ்டீரிங்கையும் ஒரு கையால் என் பக்கத்துக் கதவையும் பிடித்துக்கொண்டே ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்தினார். ஊர்க்காரர்கள் சுற்றி நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். அவர்கள் தலை மறைந்ததும் பேட்டரியைக் கழற்றி, தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டும். பலாப் பலகையில் ஒன்று அடித்தார். மரம் பச்சை. காய்ந்ததும் விரிந்து, பாட்டோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. அப்போதுதான் என் குதிர் அவர் கண்ணில் பட்டது. அறுப்புக்கு நாள் இருந்ததால் அது காலியாக, அடி ஓட்டை திறந்தபடி நின்றது. “சும்மாத்தானே கெடக்குது புள்ள” என்றார். பலாப் பலகையை வட்டமாக அறுத்து, ஸ்பீக்கரை அதில் பொருத்தி, குதிரின் வாயில் கவிழ்த்து வைத்தார். இடுக்கையெல்லாம் களிமண்ணால் மெழுகினார்.

சத்தம் வந்தது. எப்படிப்பட்ட சத்தம்? கிராமபோனில் நாதஸ்வரத் தட்டு வைத்தால் தவில் முழுக்க ஒரே முழக்கம். எங்கே அடித்து எங்கே நிறுத்துகிறார் என்று தெரியாது. ஆண் குரல் வந்தால் சளி பிடித்த காளை. எங்கள் நிலத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கும் பக்கத்துக் காட்டுக்காரர் சாயங்காலம் கேட்க வந்தார். நல்ல மனுஷர், வாய் மட்டும் சும்மா இருக்காது. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, பாடறவரு கெணத்துல உழுந்துட்டாருங்களா?” என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து பிடித்தது சனி. வால்வை மாற்றுவார், கம்பியை மாற்றுவார், குதிரைச் சுவரோரம் நகர்த்துவார், திரும்ப நடுவீட்டுக்கு இழுப்பார். பேட்டரி தீர்ந்துபோகும். அதைக் காரில் மாட்டி, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, செம்மேடு வரைக்கும் ஓட்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார். எதுவும் வாங்கிவர மாட்டார். பேட்டரி ஏறுவதற்காக மட்டும் போய் வருவார். ஒன்று சொல்ல வேண்டும், வழியில் நடந்து போகிற யாரையும் விட்டுவிட்டு வரமாட்டார். காய்ச்சல்காரர்களை, மூட்டைக்காரர்களை, பள்ளிக்கூட வாத்தியாரை எல்லாம் ஏற்றிவந்து அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் வருவார். நாடு முழுக்க அந்தக் காரில் ஏறிவிட்டது. வாங்கிவந்த நாளுக்குப் பிறகு ஏறாதவள் நான் ஒருத்திதான். வந்ததும் திரும்பப் பேட்டரி உள்ளே போய்விடும்.

ஐப்பசி பிறந்துவிட்டது. கல்யாணத்துக்குக் கார் வருமா வராதா என்று கேட்டேன்.

“சத்தம் சரியாவட்டும் புள்ள. பாதீல உட்டா எங்க உட்டோம்னே மறந்துபோயிரும்.”

“ஆவலீன்னா?”

மண்ணெண்ணெய் டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அரைகுறை பேட்டரியோடு அந்த வளைவுகளில் இறங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நடந்தே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். சின்னம்மா என் காலைப் பார்ப்பாள். பார்க்கட்டும்.

சாமை அறுத்து, அடித்து, பாறையில் காயப் போட்டிருந்தேன். அன்று இவர் ஏதோ ஒரு சாமான் பஸ்ஸில் வருகிறது என்று செம்மேட்டுக்கு நடந்தே போயிருந்தார். மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் விதைத்து, நான் களை எடுத்து, நான் அறுத்த சாமை. நனைந்தால் முளைத்துவிடும். பக்கத்துக் காட்டுக்காரர் ஓடிவந்து கைகொடுத்தார். மூட்டையெல்லாம் நடுவீட்டுக்கு வந்துவிட்டது. கொட்ட இடம் எங்கே? குதிரின் வாயில் ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது.

ஆத்திரம் வந்தது. களிமண்ணைப் பெயர்த்து, பலகையை ஸ்பீக்கரோடு தூக்கிக் கீழே வைத்தேன். பழைய சேலையைக் கிழித்து அடி ஓட்டையில் குத்தி அடைத்தேன். சாமையைக் கொட்டினேன். பாதிக்கு மேல் வந்தது. பிறகு பலகையை இருந்தபடியே வைத்து, இடுக்கை மெழுகிவிட்டேன். வீட்டில் சண்டை வேண்டாம் என்றுதான். பக்கத்துக் காட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் இவர் நனைந்து வந்தார். மடியில் கண்டென்சர் என்று ஒரு ரேடியோ சாமான், விரல் தடிமன் இருக்கும். தலையைக்கூடத் துவட்டாமல் ஆம்ப்ளிபயரில் இருந்த பழையதை எடுத்துவிட்டு, ஈயம் உருக்கி அதைப் பற்றவைத்தார். சாவி கொடுத்து, தட்டின்மேல் முள்ளை வைத்தார்.

தவில் வந்தது. குச்சி அடிப்பது தனியாக, விரல் அடிப்பது தனியாக. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், ஒரு கேலியும் வரவில்லை. இவர் முள்ளை எடுத்துத் திரும்ப முதலிலிருந்து வைத்தார். திரும்பவும் அதேதான். “வந்துருச்சு புள்ள” என்றார். கண் கலங்கியிருந்தது. கண்டென்சர்தான் காரணம் என்று மனுஷர் நினைத்துவிட்டார்.

சாமை என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகும்? பலகையைத் திறப்பார். சாமையை அள்ளிப் பார்ப்பார், கொட்டிப் பார்ப்பார், தை மாசம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். என் தங்கை கல்யாணம் முடிந்து அவளுக்குப் பிள்ளையே பிறந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். அவராகவே பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய்க் காரில் மாட்டினார். கல்யாணம் வரைக்கும் செம்மேட்டுக்கு ஓட்டி ஓட்டி ஏற்றியும் வைத்தார்.

காரில் போனோம். பந்தல் வாசலில் நின்றோம். சின்னம்மா எதிரே நின்றாள். நான் இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. கயிற்று முடிச்சு இறுகிவிட்டது. இவர் சுற்றிவந்து பல்லால் கடித்து அவிழ்க்கிறார், நான் பட்டுச்சேலையோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், கல்யாணக் கூட்டம் மொத்தமும் பார்க்கிறது. ஒரு வழியாகக் கதவு திறந்தது. சின்னம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஏறி உக்காருங்க சின்னம்மா, எங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போவீங்களாமா. எண்ணெயெல்லாம் வேண்டாம்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். உண்மையாகவே ஏறியும் உட்கார்ந்தாள். அந்தக் கறுப்புக் காரை அன்றைக்கு மன்னித்தேன். அவரையும்தான்.

இதுவரைக்கும் பொய் இல்லை. பந்தலில் சவுண்டு சர்வீஸ் பையனிடம் கண்டென்சர் புராணம் பாடினாரே, அது அறியாமல் பாடியது. பொய் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு நான் அடி ஓட்டையில் கைவிட்டுச் சாமை எடுத்து எடுத்துப் பொங்கினேன். சாமை இறங்க இறங்கத் தவில் மறுபடியும் முழங்க ஆரம்பித்தது. இவர் கண்டென்சரைத் திட்டினார். அப்புறம் ஒரு நாள் பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இறங்கிப்போயிருந்த சாமையை எட்டிப் பார்த்தார். அடியில் இருந்த சேலைத் துணியைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுநாள் செம்மேட்டிலிருந்து அரிசி மூட்டை வந்து இறங்கியது. “சாமை அப்பிடியே இருக்கட்டும் புள்ள. எனக்கு இப்ப அரிசிச் சோறுதான் புடிக்குது” என்றார்.

அந்த வாரத்திலிருந்து டீக்கடைக் கதையில் கண்டென்சர் காணாமல் போனது. குதிருக்குள் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று இவர் கணக்குப் போட்டாராம், அந்த அளவுக்கு இவரே தானியம் நிரப்பினாராம்.

இன்னும் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் வண்டு விழுந்த பழைய சாமையை எடுத்துவிட்டுப் புதுசு கொட்டுகிறோம். இவர் அதே நாதஸ்வரத் தட்டை வைப்பார். நான் முறத்தில் அள்ளிக் கொட்டிப் பலகையைச் சாத்துவேன். இரண்டு பேரும் கேட்போம். இன்னும் ஒரு முறம் என்பார், கொட்டுவேன். ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “போதும்” என்போம். இதுவரைக்கும் எங்களுக்குள் அதில் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை. வேறு எதிலும் நாங்கள் இப்படி ஒத்துப்போனது கிடையாது. அன்றைக்கு ராஜா மாதிரி இருப்பார். எனக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் பிடிக்கும். அடுத்த சந்தை நாளில் போய், எல்லாம் நானே என்பார்.

இனி, என் வீட்டுக்காரரே, உங்களுக்கே சொல்கிறேன். வருகிற சந்தை நாளில் அதே டீக்கடை, அதே பெஞ்ச். பக்கத்துக் காட்டுக்காரர் வருவார், அவர் கண்ணால் பார்த்தவர். நானும் வருவேன், காரில்தான். அன்று வரைக்கும் நம் வீட்டில் மூன்று வேளையும் சாமைச் சோறு. தினமும் அடி ஓட்டையில் கைவிட்டு எடுப்பேன். தவில் எப்படிப் போகிறது என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டையில் சேலைத் துணியை அடைத்தது யாருங்க? குதிரில் சாமையைக் கொட்டியது யாருங்க? சந்தைக்கு வந்திருக்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, அந்த பெஞ்சில் ஏறி நின்று பதில் சொல்லுங்க.