ஈரம் படாத கூடைகள்

பவானிப் பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலை பறிக்க எத்தனையோ பேர் உண்டு. பம்பாய்க்குப் போகும் கூடையைக் கட்ட மட்டும் சென்னியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். ஈரோட்டில் ரயிலேறினால் போய்ச்சேர மூன்று நாள். மற்ற ஊர்க்காரர்கள் கூடையை வாய்க்காலில் முக்கி எடுத்து அனுப்பினார்கள். பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும், மூடிய கூடைக்குள் அந்த ஈரமே சூடாகி இலையை வேகவைத்துவிடும். சென்னியம்மாள் வாழைச்சருகை நனைத்துப் பிழிந்து, காற்றில் ஆறவிட்டுத்தான் உள்ளே விரிப்பாள்.

முப்பத்தேழாம் வருஷம் சித்திரையில் நாற்பது கூடைகளை ஏற்றிவிட, தன்னோடு கூடை கட்டிய நான்கு பெண்களோடு அவளும் ஈரோடு போயிருந்தாள். வழியில் ஏதோ சரக்கு வண்டி தடம் புரண்டதாம். மறுநாள்தான் ரயில் என்றார்கள். வியாபாரி வெங்கடபதி தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்.

“எலை வாடிப்போகும். தெளி அம்மணி.”

“தெளிச்சா வெந்துபோகுமுங்க. கூடையைப் பிரிக்கோணும்.”

“நாப்பதையுமா? கிறுக்கா உனக்கு? இது கெட்டா பம்பாய்க்காரன் நம்ம எலையவே தொடமாட்டான். அப்புறம் நீங்கெல்லாம் ஆருக்குக் கூடை கட்டுவீங்க?”

“அதுக்குத்தானுங்க பிரிக்கச் சொல்றேன். கொடத்தைக் கீழ வெச்சுப்போட்டு நீங்களும் உக்காருங்க.”

உட்கார்ந்தார். வேப்பமர நிழலில் சாக்கு விரித்து, நூறு நூறு இலையாகக் கட்டிய கவுளிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆற்றினார்கள். புள்ளி விழுந்ததையெல்லாம் சென்னியம்மாள் வீசினாள்.

“ஓரத்துல துளி கறுப்புக்கு எறியறயே!” வெங்கடபதி ஓர் இலையைப் பொறுக்கி எடுத்துக் காட்டினார்.

“இன்னிக்குத் துளிங்க. போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்து எலையும் கறுத்துப்போகும்.”

எறிந்ததே மூன்று கூடை தேறியது. மறுநாள் திரும்பக் கட்டிய முப்பத்தேழுதான் ரயிலேறின.

பத்து நாள் கழித்து, வெங்கடபதி கொடிக்காலுக்கே பம்பாய்க் கடுதாசியோடு வந்து சத்தமாகப் படித்தார். அதே ரயிலில் வந்த மற்றவர்கள் சரக்கு பாதிக்குமேல் அழுகல். இது நன்றாகச் சேர்ந்தது. இனி அந்த ஆள் கட்டிய கூடையையே அனுப்பவும்.

“அந்த ஆளாமா! மீசை வெச்சிருக்கும்னு நெனச்சுட்டான்,” என்றாள் ஈரோட்டுக்குக் கூடப் போயிருந்த ரங்கம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். சென்னியம்மாளும் சிரித்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

“கெட்டது எத்தனைங்க?”

“ரெண்டே கவுளி. அதெல்லாம் ஒரு சேதமா?”

“எந்தக் கூடையிலன்னு எழுதியிருக்கானுங்களா?”

“இல்லியே.”

“கேட்டு எழுதுங்க. என்ற கை கட்டுனதா இருக்காது. இருந்தா எனக்குத் தெரியோணும்.”