ஒரே இடத்தில் கோணிய இரண்டு புரோகிராம்கள்

என் பேத்தி காலேஜில் சேர்ந்த முதல் வாரம், கம்ப்யூட்டர் வகுப்பில் கொடுத்த தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். தினமும் கொஞ்சம் செய்து பாருங்கள், பரீட்சைக்கு முந்தின நாள் உட்காராதீர்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அடிக்காதீர்கள், நிறையத் தப்பு வந்தால் முதல் தப்பை மட்டும் பாருங்கள். அடுத்ததை அவள் படிப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்: "தெரியலீன்னா வெக்கப்படாமக் கேளுங்க."

"அம்மிச்சி, உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள்.

எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு அன்று சந்தோஷம் பிடிபடவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள்; போகட்டும், கை வலி அவளுக்குத்தானே.

அவிநாசி ரோட்டில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் கூட்டும் வேலை பார்த்தேன். லேப் என்றதும் எனக்கு ஏசி குளிரும், அதோடு கலந்து வரும் சாக்ஸ் நாற்றமும்தான் ஞாபகம். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டாக வேண்டும். அவசரத்தில் ஒரு பையன் இரண்டும் இடது கால் செருப்பாக மாட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டை வரைக்கும் போய்விட்டான். திங்கட்கிழமை வந்து என்னிடம்தான் சண்டை போட்டான்.

வருஷா வருஷம் புதுப்பிள்ளைகளுக்கு லேப் சார் அதே புத்திமதியைச் சொல்லுவார். வாசலில் நின்று கேட்டே எனக்கு மனப்பாடம். அவர் கூடுதலாக ஒன்று சொல்லுவார்: புரோகிராமை முதலில் கையால் தாளில் எழுதி, அவரிடம் சிவப்பு மையில் கையெழுத்து வாங்கின பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும். அடித்து முடித்ததும் அந்தத் தாள்கள் என் குப்பைக் கூடைக்கு வரும். பிரிண்டரில் வரும் தாளுக்கு இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த ஓரத்தைக் கிழித்துவிட்டுத் தாளைச் சாரிடம் கொடுப்பதும் என் வேலை. கிழிக்கும்போது வேடிக்கை பார்ப்பேன். வரிகள் உள்ளே தள்ளியும் வெளியே தள்ளியும் இருக்கும். அதற்கு முன்னால் கருமத்தம்பட்டியில் தறித் துணியில் நூல் விட்ட இடம் பார்த்த கண் இது.

ஒரு டெஸ்ட் நாளில் இரண்டு தாள்கள் ஒரே இடத்தில் கோணியிருந்தன. நடுவில் ஒரு வரி மட்டும் தேவையில்லாமல் உள்ளே போயிருந்தது. ஒன்று பிரகாசு என்ற பையனுடையது. மற்றது தெய்வானையுடையது, அந்தியூர்ப் பக்கமிருந்து வந்த, தமிழில் படித்த பெண். ஒரு பாடத்தில் போனாலும் படிப்பு போதும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். செருப்பு மாட்டும்போது என்னிடம் அடிக்கடி சொல்லுவாள்.

சாருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "பிரகாசு தாள்தான் மொதல்ல வந்துச்சு. நீ பாத்து அடிச்சியா? இங்கிலீஷ்ல எக்ஸ்ப்ளெய்ன் பண்ணு" என்று தெய்வானையைக் கேட்டார். பிள்ளைகள் லேபில் தமிழ் பேசக்கூடாது. தெய்வானைக்கு இங்கிலீஷ் வரவில்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அப்ப சைபர்தான். நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா."

நான் குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். கையால் எழுதின தாள்களில் அதே கோணல் உள்ளதைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏனுங்க சார், இதப் பாருங்க."

"கூட்டறத அப்பறம் பாத்துக்கலாம் போம்மா."

"கூட்டறதுக்கு இல்லீங்க சார். அந்த ரெண்டு தாள்லயும் வரி தப்பா உள்ள போயிருக்குதுங்கல்ல, இதுலயும் அதே எடத்துல போயிருக்குது. உங்க செவப்பு மையும் இருக்குதுங்க. இந்த அம்மணி நோட்ட வெச்சுப் பாருங்க, யாரு கைன்னு தெரிஞ்சுபோகும்."

"உனக்குத்தான் படிக்கவே தெரியாதே?"

"தெரியாதுங்க. கண்ணு தெரியுதுங்கல்ல?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சார் நோட்டை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார், தெய்வானை கையெழுத்தேதான். அப்புறம் பிரகாசிடம், "இந்த வரி ஏன் உள்ள போச்சு?" என்றார். அவன் தெரியவில்லை என்றான். சார் தெய்வானை பக்கம் திரும்பி, "தமிழ்லயே சொல்லும்மா" என்றார்.

"இதுக்கு மேல ஒரு வரி எழுதியிருந்தேனுங்க சார். வேண்டாம்னு கோடு போட்டு அடிச்சுப்போட்டேன். கீழ இருக்கறத வெளிய தள்ளி எழுத மறந்துபோட்டேனுங்க."

கைத்தாளில் அந்த அடித்த வரி அப்படியே இருந்தது. தெய்வானைக்கு முழு மார்க். பிரகாசு மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

"ஏனுங்கக்கா என்னய மாட்டி உட்டீங்க?" என்று வாசலில் பிடித்துக்கொண்டான்.

"உன்னய நான் நெனைக்கவே இல்ல கண்ணு. அந்தப் புள்ள அழுவுதேன்னு போனேன். நீயா வந்து நடுவுல நின்னுக்கிட்ட."

அந்தத் தாளைத் தெய்வானை கேட்டாள். சார் கொடுக்கவில்லை, ஃபைலில் போட்டுவிட்டார். லேபை இடித்துக் கட்டினபோது அந்த ஃபைலெல்லாம் எங்கே போனதோ. தெய்வானையும் படித்து முடித்துப் போனவள்தான், அப்புறம் பார்க்கவில்லை.

நேற்று பேத்தியின் லேப்டாப்பில் எட்டிப் பார்த்தேன். வரிகள் எல்லாம் ஒழுங்காக நின்றன. கையால் எழுதுவது இல்லையாம். உள்ளே தள்ளுவது, வெளியே தள்ளுவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதாம். அவள் சிநேகிதி அனுப்பினதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நல்லாத்தான் பார்த்தேன். எது என் பேத்தியுடையது என்று எனக்குத் தெரியவில்லை.