முன்னால் நின்று சொல்வது

காய்ச்சலில் கிடக்கும் தோழிக்கு ‘டேக் கெயார்’ என்று கைபேசியில் தட்டினேன். அனுப்புவதற்குள் கடலோரப் பேசாலையில் எங்கள் பழைய வீட்டின் மண்ணெண்ணெய் மணம் நினைவில் ஏறிவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் படகு எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய், அவர் விடிந்த பிறகுதான் கரைசேர்ந்திருந்தார். அன்று பின்னேரம் என் அப்பா கடலுக்குப் புறப்பட்டார். பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கம். அவர் வேலிப் படலையைத் திறந்து தாண்டியதும் வகுப்பில் படித்த ஆங்கிலத்தில் கத்தினேன்: “அப்பா, டேக் கெயார்.”

“கடலுக்குப் போற மனிசனைப் பின்னால கூப்பிடுறியேடி,” என்று அம்மா தலையில் கைவைத்தார்.

அப்படிக் கூப்பிட்டால் திரும்பி வந்து, சற்று இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். அப்பா வந்து கதிரையில் இருந்தார். செம்பை வாங்கிக் குடித்தார். அவருடைய சட்டையில் படகு எஞ்சினின் மண்ணெண்ணெய் மணந்தது.

“என்ன பிள்ளை சொன்னனீ?”

“கவனமாப் போயிட்டு வாங்கோ எண்டு.”

“அதை முன்னால நிண்டு சொல்லு. கேட்டுட்டுப் போறன்.”

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவருக்கு முந்தி ஓடிப்போய்ப் படலைக்கு வெளியே நிற்பேன். நான் சொல்லும்வரை நின்று, “ஓம்” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் நடப்பார்.

தட்டியதை அழித்துவிட்டுத் தோழியின் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.