சாவி எங்கே என்று கேள்

ஏழாம் வகுப்பில் கொஞ்ச காலம் ஆங்கிலத்தில் என்னை மிஞ்ச ஆளில்லாமல் இருந்தேன். அந்தப் பெருமைக்குக் காரணம் என் மூளையல்ல, என் வீட்டில் நடந்த சண்டை.

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். தக்காளியும் கொத்தமல்லியும் போடுவோம். அந்த வருஷம் ஒரு கம்பெனி பேக்கிங் வேலைக்குப் பெண்களை எடுத்தது. அம்மா யாரிடமும் மூச்சு விடாமல் போய்ச் சேர்ந்துவிட்டு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை டேக்கில் தொங்க வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஒரு வார்த்த என்னக் கேட்டியா?" என்றார் அப்பா.

"கேட்டா வேணாம்பீங்க," என்றாள் அம்மா.

அதோடு இருவரும் நேருக்கு நேர் பேசுவது நின்றுபோனது. எல்லாக் கேள்வியும் என் வழியாகத்தான் போய் வந்தது. ஒரே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "மத்தியானம் சாப்புட்டாரான்னு கேளு பாப்பா," என்பாள் அம்மா. அவர் சாப்பிட்டுவிட்டுப் போட்ட தட்டு அவள் கையிலேயே இருக்கும். நானும் அப்பா பக்கம் திரும்பி, "சாப்புட்டீங்களான்னு அம்மா கேக்குது," என்பேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி இப்படியே பேசாமல் பிள்ளைகளுக்குக் கல்யாணம்வரை பண்ணி முடித்திருந்தார்கள். எங்கள் வீடும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளியில், கேள்வியை வாக்கியத்துக்குள் வைப்பது எப்படி என்று பாடம் வந்தது. தமிழில் இது ஒரு வேலையே இல்லை. கேள்வியை அப்படியே தூக்கி வைத்து ஓர் 'என்று' போட்டால் முடிந்தது. ஆங்கிலக் கேள்வியோ, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிற மாதிரி கொஞ்சம் அடங்கி வரவேண்டும். வெளியே 'வேர் இஸ் த கீ' என்று நின்றது, உள்ளே வந்ததும் 'வேர் த கீ இஸ்' என்று உட்காரவேண்டும். ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்வியாக இருந்தால் முன்னால் ஓர் 'இஃப்' வேண்டும். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று வெளுத்து வாங்குகிற பிள்ளைகள்கூட இதில் தடுக்கி விழுந்தார்கள்.

நான் மட்டும் விழவில்லை. வீட்டில் யார் எதைக் கேட்கச் சொன்னாலும் முதலில் மனசுக்குள் ஆங்கிலத்தில் அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பேன். 'மதர் ஆஸ்க்ஸ் இஃப் ஃபாதர் ஹேஸ் ஈட்டன்.' மிஸ் உதாரணம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்று அள்ளி விட்டேன்.

மிஸ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தினார். "ஏட்டி, உங்க வீட்டுல அம்மையும் அப்பாவும் பேசிக்கிட மாட்டாங்களா?"

"பேசுவாங்க மிஸ். எங்கிட்டச் சொல்லிப் பேசுவாங்க."

மிஸ் என் தலையை வருடிக் கொடுத்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ஒருநாள் அப்பா, மோட்டார் ரூம் சாவி எங்கே என்று அம்மாவைக் கேட்கச் சொன்னார். சாவி அவர் தலைக்கு நேர் மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "அதோ இருக்குதேப்பா," என்று காட்டினேன்.

"நீ சொல்லாத. உங்கம்மாவக் கேளு," என்று அதட்டினார்.

அடுப்படியிலிருந்து, "ஆணியில இருக்குதுன்னு சொல்லு," என்றாள் அம்மா. அதற்குப் பிறகுதான் அவர் கையைத் தூக்கிச் சாவியை எடுத்தார். நான் சொன்னால் நம்பமாட்டாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இதற்கிடையில் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் எங்கள் பக்கம் இறங்கின. விடிவதற்குள் யாரும் தனியாக வெளியே போகவேண்டாம் என்று வனத்துறை ஜீப் மைக்கில் சொல்லிக்கொண்டே போனது. கம்பெனி பஸ் வருவதோ இருட்டோடு. பஸ்ஸைப் பிடிக்கத் தோட்டங்களுக்கு நடுவே மெயின் ரோடுவரை நடக்கவேண்டும்.

"நாளைக்கு லீவு போடறாளான்னு கேளு," என்றார் அப்பா.

"லீவெல்லாம் குடுக்க மாட்டாங்கன்னு சொல்லு."

"வழியில யானை வந்தா டேக்கக் காட்டுவாளான்னு கேளு."

இதை 'இஃப்' போட்டு அடுக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு ஒரு சொல் குறையாமல் அம்மாவிடம் கேட்டேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் அழத் தயாரானேன்.

மறுநாள் இருட்டோடு செருப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். சாப்பாட்டுப் பையோடு அம்மா கதவருகே நின்றாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு அப்பா வெளியே நின்றார். அவளைப் பார்த்து, "போலாமா?" என்றார்.

எனக்குத் தூக்கம் கலையவில்லை. ஆனாலும் கடமை தவறவில்லை. "அம்மா, போலாமான்னு அப்பா கேக்கறாரு."

"எனக்கே கேட்டுச்சு. நீ கதவச் சாத்திக்கிட்டுப் படு," என்றாள் அம்மா.

டார்ச் வெளிச்சம் தக்காளித் தோட்டத்தைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருவரும் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். அப்பாடா என்று இருந்தது. கூடவே, கையிலிருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது போலவும் இருந்தது. சாயங்காலம் அப்பாவிடம் போய், அம்மாவிடம் ஏதாவது கேட்கவேண்டுமா என்று விசாரித்துப் பார்த்தேன். சிரித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். வகுப்பிலும் அதற்குப் பிறகு என் சரக்கு தீர்ந்துபோனது.

தலைக்கு மேலே தொங்கிய சாவியைக் கேட்டதால் அப்பாவுக்கு ஞாபகமறதி என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மனஸ்தாபம். பேச்சு வார்த்தை இல்லை. மகளைக் கூப்பிட்டு, வண்டிச் சாவி எங்கே என்று அவள் அப்பாவைக் கேட்டு வரச் சொன்னேன்.

"இதோ டேபிள் மேலதானம்மா இருக்குது," என்றாள்.

"நீ சொல்லாத. உங்கப்பாவக் கேளு," என்றேன்.

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.