சுவரில் ஓட்டை போட்டு இழுத்த வயர்

போன வாரம் என் மகள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படங்களை அவள் போனிலிருந்து என் போனுக்கு அனுப்பினாள். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், "வந்துருச்சாப்பா?" என்றாள். வந்துவிட்டது. நடுவில் வயரும் இல்லை, ஆளும் இல்லை. படத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்தோ சாயநூல் வாசம் அடித்தது.

நூல் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வாசம் தெரியும். கஞ்சியும் சாயமும் அருப்புக்கோட்டைப் புழுதியும் சேர்ந்த வாசம். குளித்தாலும் போகாது. தொண்ணூறுகளில் அந்த வாசத்துக்கு நடுவே மூன்று கம்ப்யூட்டர்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். திருச்சுழிப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். மதுரையில் கொஞ்சம் படித்த தைரியத்தில் நான்தான் கடையின் கம்ப்யூட்டர்காரன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வருவார்கள். மரியாதை எனக்கில்லை, பெட்டிகளுக்கு.

முதலாளிகள் அண்ணன் தம்பி இருவர். பெரிய அண்ணாச்சி, சின்ன அண்ணாச்சி என்போம். என்ன மனத்தாங்கலோ, பேச்சை நிறுத்திக்கொண்டு பாகம் பிரித்தார்கள். கடைக்கு நடுவில் சுவர் எழும்பியது. தராசு, மேசை, மின்விசிறி எல்லாம் சரிபாதி. கம்ப்யூட்டர் மூன்றாயிற்றே? பெரியவருக்குப் பெரிய பெட்டி ஒன்று, சின்னவருக்குச் சின்னப் பெட்டி இரண்டு என்று பெரிய மனிதர்கள் தீர்த்து வைத்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் வாயைத் திறக்கும் வழக்கம் எனக்கும் இல்லை.

மறுநாள் சின்னவர் சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பாகவே நின்றது. சின்னப் பெட்டிகளுக்குச் சொந்தமாக டிஸ்க் கிடையாது. வயர் வழியாகப் பெரியதைக் கேட்டுத்தான் அவை கண் விழிக்கும், ஃபைல்களும் அதற்குள்தான் இருந்தன. விஷயத்தைச் சொன்னதும் சின்னவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உசுரை அவுக வச்சுக்கிட்டு, கூட்டை மட்டும் எனக்குக் குடுத்துட்டாகளே தம்பி!"

பெரியவருக்கும் நிம்மதி இல்லை. குடோனையும் என்னையும் பிரிக்க முடியாமல் பொதுவில் விட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் விற்றது அந்தப் பக்கம் தெரியாவிட்டால் ஒரே நூலை இருவரும் விற்பார்கள். ஒரு பிளாப்பியால் சின்னப் பெட்டியை எழுப்பிவிட்டு, இன்னொரு பிளாப்பியில் இருப்புக் கணக்கை ஏற்றிக்கொண்டு, தெருவில் இறங்கி அடுத்த வாசலில் ஏறுவேன். நான் போய்ச் சேர்வதற்குள் இங்கே வியாபாரம் முடிந்திருக்கும். அப்படித்தான் ஒரு நாள் ஒரே மெரூன் கலர் நூலுக்கு இரண்டு நெசவாளிகள் வண்டியோடு வந்து, குடோன் வாசலில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு பெரியவரே கொத்தனாரை வரச்சொன்னார். "வயரு போற அளவுக்கு மட்டும் ஒரு ஓட்டையப் போடுப்பா. அதுக்கு மேல வேணாம்." ஓட்டை போட்டதும் பெரியவர் இந்தப் பக்கமிருந்து வயரைத் தள்ளினார். எட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கம் சின்னவர் இழுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் பெட்டிகள் ஓடின. நான்தான் மாட்டிக்கொண்டேன். அந்த வயரில் ஓரிடம் கழன்றால் இரண்டு கடையும் நின்றுவிடும். பெருக்குகிற அக்காவின் விளக்குமாறு பட்டாலே போதும். ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைக்கும்போது ஊருக்கே மொபெட்டில் ஆள் வரும். நரிக்குடியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போய் முகூர்த்தம் பார்க்காமல் திரும்பினேன்.

கோயம்புத்தூரில் நண்பன் ஒருவன் ஒரு மில் ஆபீசில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தான். வைகாசிக்குள் சேர வேண்டும். போகிறேன் என்றதும், மாற்று ஆளை வைத்துவிட்டுப் போ என்றார்கள் இருவரும். பெரியவர் பார்த்த ஆளைச் சின்னவர், "அது அவுக ஆளு" என்றார். சின்னவர் கூட்டி வந்தவனைப் பெரியவர் வாசற்படி ஏற விடவில்லை. இருவருக்கும் பொதுவான ஆள் உலகத்தில் நான் ஒருவன்தானாம். நண்பன் கடைக்குப் போன் செய்தபோது பெரியவரே எடுத்து, "அவன் வரமாட்டான்யா, இங்க ஜோலி கெடக்கு" என்று வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வயரைப் பல்லால் கடித்துத் துப்பியிருப்பேன். துப்பவில்லை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள்தான். வைகாசி போயிற்று.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் பெரியவர் கேட்பார். "அந்தப் பக்கம் ஓடுதா? இருமல் சத்தம் கேட்டுச்சே?" அந்தப் பக்கம் போனால் சின்னவர், "மத்தியானம் அவுக சாப்பிடப் போன மாதிரி தெரியலையே?" என்பார். ஒருவரையொருவர் வேவு பார்க்கிறார்கள், நடுவில் என்னைக் கோள்மூட்டி ஆக்குகிறார்கள் என்று எரிச்சலாக வரும். "ஓடுது அண்ணாச்சி", "தெரியல அண்ணாச்சி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்துச் சின்னவர் பாலவனத்தம் ரோட்டில் தனிக் குடோன் பிடித்தார், டிஸ்க் உள்ள புதுப் பெட்டியும் வாங்கினார். வயரை உருவச் சொன்னார். உருவிச் சுருட்டினேன். "இனிமே எம் பையன் பாத்துக்கிடுவான். ஒனக்குத்தான் எவ்வளவு செரமம் குடுத்துட்டோம்" என்றார். இந்தப் பக்கம் வந்தால், ஒரு பெட்டிக்குத் தனி ஆள் எதற்கு என்று பெரியவரும் போகச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சியபோது கிடைக்காத விடுதலை, கோயம்புத்தூரில் வேறு ஆள் உட்கார்ந்த பிறகு ஒரே நாளில் இரண்டு கையிலிருந்தும் கிடைத்தது.

செருப்பை மாட்டும்போது பெரியவர் கூப்பிட்டார்.

"ஏலே, அவனுக்கு மழைக்காலம் வந்தா மூச்சு எளைக்கும். சின்னதுலருந்தே அப்படித்தான். இனிமே நான் யாருகிட்டடா கேப்பேன்?"

அடுத்த வாசலில் போய்க் கேளுங்கள் அண்ணாச்சி என்று சொல்ல வாய் வரை வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

அந்த மாதிரி வயர் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. நூல் வியாபாரமும் அந்தத் தெருவில் இல்லை. பெரியவர் இறந்தது, பிறகு மதுரைக்குக் குடிவந்துவிட்ட எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கடையிலேயே உயிர் போயிருக்கிறது. அப்போதும் அடுத்த வாசலில் நூல் விற்றுக்கொண்டிருந்த சின்னவருக்கு, சாமான் வாங்க வந்த யாரோ சொல்லித்தான் தெரிந்ததாம்.