ஒன்பது நிமிடத் தீவு

கயிற்றுக்காரருக்கு அந்தத் தீவைப் பற்றித் தெரியாத சங்கதியே கிடையாது. அங்கே கார் ஓடாது, சைக்கிள்தான். பின்பக்கக் கடற்கரையில் மரத்துக்கு மரம் வலை ஊஞ்சல் கட்டியிருப்பார்கள். காப்பிக் கடைக்காரர் வளர்க்கும் நாய்க்கு ஒரு காது இல்லை. எல்லாம் மனப்பாடம். ஒரே ஒரு குறைதான். அவர் தீவில் கால் வைத்ததில்லை.

பெருநகரத்திலிருந்து தீவுக்கு நாற்பது நிமிடம் ஓடும் பயணிகள் படகில், துறையை நெருங்கும்போது கயிறு வீசிக் கட்டுவது அவர் வேலை. தினம் நான்கு நடை. தீவில் படகு ஒன்பது நிமிடம் நிற்கும். அந்த ஒன்பது நிமிடமும் கயிற்றுக்காரர் படகை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். இருபத்திரண்டு வருடமாக அவர் இறங்கவில்லை. விடுமுறை நாளில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாரம் முழுக்கப் போய்வந்த இடத்துக்கு லீவு நாளிலும் எந்த மடையன் போவான்?

கல்யாணமான புதிதில் மனைவி, "தீவு எப்படிங்க இருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டாள். இறங்கியதே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வரும் பயணிகள் பேசிக்கொண்டதையெல்லாம் தன் கதையாக எடுத்துவிட்டார். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியுமா? போன வருடம்கூட மனைவியின் அண்ணனிடம் போனில், "மத்தியானம் ஊஞ்சல்ல ஒரு தூக்கம் போட்டுட்டுதான் மச்சான் அடுத்த நடை" என்று அளந்துவிட்டிருந்தார். மச்சான் நாலு தேசம் பார்த்தவர். பார்த்ததை மற்றவர்கள் மறக்க விடமாட்டார். அவருக்கு எதிரே கயிற்றுக்காரரிடம் இருந்த ஒரே சொத்து அந்தத் தீவுதான்.

அந்த மச்சான் ஒரு வாரம் தங்க வந்துவிட்டார். "மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை உங்க தீவைச் சுத்திக் காட்டுங்க" என்றார். காய்ச்சல் வருகிறதா என்று கயிற்றுக்காரர் இரண்டு நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வரவில்லை.

ஞாயிறு காலை மனைவியும் சேர்ந்து மூவரும் தீவில் இறங்கினார்கள். துறையைத் தாண்டியதும் பாதை மூன்றாகப் பிரிந்தது. இதை எந்தப் பயணியும் அவரிடம் சொன்னதில்லை.

"எந்தப் பக்கம் மாப்பிள்ளை?"

கயிற்றுக்காரர் தெம்பாக இடதுபக்கம் கையை நீட்டினார். ஐந்து நிமிட நடைக்குப் பிறகு அந்தப் பாதை குப்பைக் கிடங்கில் போய் முடிந்தது.

"இதுவும் பாக்க வேண்டிய இடம்தான்" என்றார். "நிறைய பேரு தவற விட்டுடுறாங்க."

அந்த நேரம் பார்த்துப் படகின் ஹாரன் அடித்தது. கயிற்றுக்காரரின் கால்கள் யாரையும் கேட்காமல் திரும்பித் துறையை நோக்கி ஓடின. நாற்பது அடி போன பிறகுதான் இன்று தனக்கு லீவு என்பது நினைவுக்கு வந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க முன்னாடி இங்க வந்திருக்கீங்கதானே?"

இருந்த ஒரே சொத்தும் குப்பைக் கிடங்கில் போகப் போகிறது என்று கயிற்றுக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

"படகு ஆளுங்களுக்குத் தனி வழிண்ணா, அவரு அப்படியே பழகிட்டாரு" என்றாள் மனைவி. "நாம எல்லாரும் போற வழியா போவோம்." கைப்பையிலிருந்து மடித்த வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அரை மணி நேரத்தில் கடற்கரை வந்தது. ஒரு காது இல்லாத நாயும் வந்தது.

"நான் சொல்லல?" என்றார் கயிற்றுக்காரர், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

மச்சான் ஊஞ்சலில் ஏறிப் படுத்தார். இரண்டாவது நிமிடம் குறட்டை கேட்டது. மனைவி ஒரு மர நிழலில் போய் உட்கார்ந்தாள். கயிற்றுக்காரர் எதிரே வெயிலில் நின்றார்.

"மேப் எதுக்கு எடுத்துட்டு வந்த?"

"இருபத்திரண்டு வருஷமா உங்க பேன்ட்டைத் துவைக்கிறேன். ஒரு பொட்டு மணல் உதிர்ந்ததில்ல."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அப்புறம் ஏன் நீ ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. நல்லாத்தான் சொல்லிட்டிருந்தீங்க." அவர் காலைப் பார்த்தாள். "செருப்பைக் கழட்டுங்க. இப்ப சொல்லுங்க, தீவு எப்படி இருக்கு?"

கழற்றினார். கடலைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், நெடுநேரம் யோசித்தார்.

"கால் சுடுதுடி" என்றார்.

மனைவி நிழலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.